ஔஷத தானமும் கணக்கேடும்

ஆகாரம், ஔஷதம், சாத்திரம், அபயம் எனத் தானம் நால்வகைப்படும் என்பதைச் சிறுவயது முதலே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கொடுக்கும் முறை, கொடுக்கும் பொருள், கொடுப்பவர், பெறுபவர் ஆகிய நான்கின் சிறப்பால் தானத்தின் பயன் வேறுபடும் என்பதையும் அறிவோம். ஆனால் பெற வந்தோர் இரு திறத்தாராய், இரு திறத்தாரும் தக்கவராய், கையிலுள்ள பொருளோ ஒரு திறத்தார்க்கே போதுவதாய் இருக்குமாயின், இல்லை என்னும் சொல்லை யாரிடம் சொல்வது? இவ்வினா நம் ஊர் மருத்துவ உதவி நிதிக் குழுவின் முன் சென்ற ஆண்டு வந்து நின்றது. அதற்கு விடை தேடிய வகையில் நாம் படித்தனவற்றையும் எண்ணியனவற்றையும் வாசக அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

நிதியின் கையிருப்பு அன்று 42,000 ரூபாய். விண்ணப்பங்கள் இரண்டு. முதலாவது, அரிசி மண்டியில் கணக்கெழுதி வந்த ஒருவருடையது. வயது 44. இரு சிறுநீரகங்களும் செயலிழந்தமையால் வாரம் இருமுறை நகரத்து அரசு மருத்துவமனையில் அவருக்கு டயாலிசிஸ் செய்யப்படுகிறது. சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. ஆனால் போய்வர வேண்டுமே! நான்கு மணி நேரம் இரத்தம் சுத்திகரிக்கப்பட்டு எழுந்தவரால் நெரிசலான பேருந்தில் நின்றுகொண்டு வர இயலாது; துணைக்கு மனைவியும் செல்ல வேண்டும். ஒருமுறை போய்வர இருவர்க்கும் 350 ரூபாய். ஆண்டுக்கு 104 முறை. ஆக 36,400 ரூபாய். பணம் இல்லாத வாரங்களில் அவர் ஒருமுறை மட்டுமே சென்று வருகிறார் என்பதை அவர் மனைவி சொல்லித்தான் அறிந்தோம். அவ்வாறு தவணை தவறினால் உடலில் நீரும் நஞ்சும் தேங்கும் என்பதையும், அதன் முடிவு யாது என்பதையும் விளக்கத் தேவையில்லை.

இரண்டாவது விண்ணப்பம், சுற்றுவட்டார ஊர்களில் நடந்த கண் பரிசோதனை முகாமிலிருந்து வந்தது. நாற்பது வயதைக் கடந்து, அருகிலுள்ள பொருள் தெளிவாகத் தெரியாமல் கண்ணாடி தேவை என்று எழுதப்பட்டோர் 210 பேர். ஒரு கண்ணாடி 200 ரூபாய் வீதம் மொத்தம் 42,000 ரூபாய். நம் கையிருப்பு முழுவதும்!

பொருளாளர் தயங்காது பேசினார்: ஒருவருக்குக் கொடுப்பதா, 210 பேருக்குக் கொடுப்பதா என்றால் இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அவருக்கு எதிரில் அமர்ந்திருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், உயிர் போகும் இடத்தில் கண்ணாடிக் கணக்கா என்று கேட்டார். இன்னோர் உறுப்பினர், அரசே இலவசமாகச் சிகிச்சை தரும்போது நாம் ஏன் அதில் தலையிட வேண்டும் என்றார். மூவரும் நல்லவர்கள். மூவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. ஒரு மாதம் கழித்து முடிவு செய்வது என்றும், அதுவரை மண்டிக் கணக்கரின் பயணச் செலவை உறுப்பினர்களே பகிர்ந்துகொள்வது என்றும் தீர்மானித்துக் கலைந்தோம். அந்த ஒரு மாதத்தில்தான், மருத்துவச் செலவையும் அதனால் விளையும் நலத்தையும் ஒப்பிட்டு ஆராயும் பொருளியல் நூல்களை நாம் தேடிப் படித்தோம்.

இத்துறையைப் பற்றி நமக்கு முன்பு ஓர் அருவருப்பு இருந்தது என்பதை ஒளிக்காமல் கூறிவிடுகிறோம். உயிரைப் பணத்தால் அளப்பது வணிகரின் கண்ணோட்டம் என்று எண்ணியிருந்தோம். (நம்மில் பெரும்பாலோர் வணிகமும் உழவும் செய்தே வாழ்கிறோம் என்பது வேறு.) மைக்கேல் டிரம்மண்டும் அவர்தம் தோழர்களும் எழுதி 1987இல் முதற்பதிப்பாக வந்த பாடநூல் இத்துறை மாணவர்க்கு இன்றளவும் அடிப்படை நூலாக விளங்குகிறது. அது வழங்கும் முதற்பாடமே நம் அருவருப்பைச் சற்று அசைத்தது. செலவு என்பது நாணயம் அன்று. அந்த நாணயத்தால் செய்திருக்கக்கூடியதும், இப்போது செய்ய முடியாமற் போவதுமான வேறொரு நன்மையே செலவு. அவ்வாறாயின் மண்டிக் கணக்கரின் பயணத்துக்கு விலை 36,400 ரூபாய் அன்று. 182 பேரின் கண்ணாடி. உயிரோடு பணத்தை ஒப்பிடுவதாக நாம் எண்ணிக் கூசியது உண்மையில் மனிதரோடு மனிதரை ஒப்பிடுவதாகும். கூச்சம் நீங்கிவிட்டது என்று சொல்லவில்லை. அது வேறிடத்துக்கு மாறியது.

அடுத்த பாடம், யாருடைய செலவு என்பது. ஆய்வைத் தொடங்கும் முன்னரே எவருடைய நோக்கிலிருந்து கணக்கிடுகிறோம் என்பதை அறிவிக்க வேண்டும் என்பது இத்துறையின் விதி. மருத்துவமனையின் ஏட்டில் பயணக் கட்டணம் இல்லை. அரசின் ஏட்டில், கணவனோடு செல்வதற்காகக் களை எடுக்கும் கூலியை வாரம் இருநாள் இழக்கும் மனைவி இல்லை. குடும்பத்தின் ஏட்டிலோ அவையே முதல் வரிகள். ஒரே சிகிச்சை ஓர் ஏட்டில் இலவசம், மற்றோர் ஏட்டில் குடும்பத்தை விழுங்கும் கடன். ஒரு நயத்திலிருந்து உரைத்ததையே முழு உண்மை எனக் கொள்ளலாகாது என்று கற்ற நமக்கு இது புதிதன்று. ஆயினும் அரசே இலவசமாகத் தருகிறதே என்று நம் குழுவில் ஒருவர் சொன்னபோது நாமும் தலையசைத்தோம் என்பதை இப்போது நினைத்து வெட்கப்படுகிறோம்.

டயாலிசிஸ் வரலாறே இவ்வகை வினாக்களின் வரலாறாக இருப்பதை இம்மாதத்தில்தான் அறிந்தோம். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர் என்னும் மருத்துவர், நோயாளியின் கையிலேயே நிலையாகப் பொருத்தி வைக்கத்தக்க டெஃப்லான் குழாய் ஒன்றை 1960இல் அமைத்தார். ஒவ்வொரு முறையும் புதிதாக இரத்தக்குழாயை அறுக்க வேண்டிய நிலை நீங்கியது. அதனால் நாள்பட்ட சிறுநீரக நோயாளியை ஆண்டுக்கணக்கில் வாழவைக்க முதன்முறையாக வழி பிறந்தது. 1962இல் அங்கே சிகிச்சை மையம் திறக்கப்பட்டது. கருவிகள் சிலவே, நோயாளிகளோ பலர். யாருக்கு இடம் தருவது என்று முடிவு செய்ய எழுவர் கொண்ட குழு ஒன்று அமைந்தது. வழக்கறிஞர், மதகுரு, வங்கியாளர், இல்லத்தரசி, அரசு அலுவலர், தொழிற்சங்கத் தலைவர், அறுவை மருத்துவர் ஆகியோர் அதில் இருந்தனர். அவர்கள் வயதைப் பார்த்தனர். மணமானவரா, பிள்ளைகள் எத்தனை, வருமானம் எவ்வளவு, கல்வி யாது, சமூகத்துக்கு இதுவரை என்ன செய்தார், இனி என்ன செய்யக்கூடும் என்றெல்லாம் பார்த்தனர். அதே ஆண்டு நவம்பரில் லைஃப் இதழில் ஷானா அலெக்சாண்டர் என்னும் பத்திரிகையாளர் எழுதிய கட்டுரையால் இது வெளியுலகுக்குத் தெரியவந்தபோது பலர் அதிர்ந்தனர். நாமும் படிக்கும்போது அதிர்ந்தோம். பிறகு நம் குழுவையே எண்ணிப் பார்த்தோம். நம் குழுவிலும் எழுவரே. மண்டிக் கணக்கரின் விண்ணப்பம் வந்த அன்று, அவர் நல்ல மனிதர், கெட்ட பழக்கம் எதுவும் இல்லாதவர் என்று இருவர் எழுந்து சான்று கூறினர். கெட்ட பழக்கம் உடையவராய் இருந்திருந்தால்?

அமெரிக்க அரசு 1972இல் இயற்றிய சட்டத்தால் சிறுநீரகம் செயலிழந்தோர் ஏறத்தாழ அனைவர்க்கும் சிகிச்சைச் செலவை ஏற்றது. இன்று அந்நாட்டில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் டயாலிசிஸில் வாழ்கின்றனர். அவ்வாறு ஏற்றமையால் வேறு எவருடைய எந்தச் சிகிச்சை விடுபட்டது என்பது எந்த இதழிலும் கட்டுரையாக வரவில்லை. விடுபட்டவர்களுக்குப் பெயர் இல்லை.

பெயரற்ற அந்த மக்களையும் கணக்கில் சேர்க்கும் முயற்சியாகவே இத்துறை வளர்ந்தது எனலாம். 1968இல் கிளார்மன், பிரான்சிஸ், ரோசந்தால் ஆகிய மூவர் டயாலிசிஸையும் சிறுநீரக மாற்றையும் ஒப்பிட்டபோது, மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழும் ஓராண்டு, கருவியோடு கட்டுண்டு வாழும் ஓராண்டைப் போல ஒன்றேகால் மடங்கு மதிப்புடையது என்று வைத்துக் கணக்கிட்டனர். அந்தக் கால் பங்கை எங்கிருந்து பெற்றனர்? தாமே ஊகித்துக்கொண்டனர். ஆனால் அச்சிறு பின்னத்துக்குள் பெரிய எண்ணம் ஒன்று அடங்கியிருந்தது: மருத்துவம் ஆண்டுகளைக் கூட்டுவதோடு, அவ்வாண்டுகளின் தன்மையையும் மாற்றுகிறது, இரண்டையும் ஒரே அளவில் சொல்ல வேண்டும். 1970களில் இதற்குத் தரம் கணித்த வாழ்வாண்டு என்னும் பொருளில் ஆங்கிலப் பெயரும், அதன் சுருக்கமாகக் குவாலி என்னும் சொல்லும் வழக்கில் வந்தன. முழு நலத்தோடு வாழும் ஓராண்டுக்கு மதிப்பு 1, இறப்புக்கு 0, இடைப்பட்ட நிலைகளுக்கு இடைப்பட்ட பின்னங்கள்.

அப்பின்னங்களைப் பெறும் முறைகள் வியப்பானவை. இந்நோயோடு பத்தாண்டு வாழ்வதற்கு ஈடாக, நோயின்றி எத்தனை ஆண்டு கிடைத்தால் ஒப்புக்கொள்வீர் என்று கேட்பது ஒரு முறை. ஆறாண்டு போதும் என்றால் அந்நோய்நிலையின் மதிப்பு 0.6. முழு நலம் தரக்கூடிய, ஆனால் உயிரையும் பறிக்கக்கூடிய ஒரு மருந்தை, எவ்வளவு ஆபத்து வரை துணிந்து உண்பீர் என்று கேட்பது மற்றொரு முறை. நடமாட்டம், தன் வேலையைத் தானே செய்துகொள்ளல், அன்றாடப் பணி, வலி, மனக்கலக்கம் என்னும் ஐந்தை மட்டும் கேட்டு, பொதுமக்கள் முன்பே அளித்த மதிப்பெண் பட்டியலைக்கொண்டு பின்னத்தைக் காண்பது இன்று பெருவழக்காக உள்ள முறை. இம்மூன்றாவது முறைக்கான இந்திய மக்களின் மதிப்பெண் பட்டியல் 2022இல் வெளிவந்தது. அதற்கு முன் நம் நாட்டு ஆய்வாளர் பிற நாட்டார் அளித்த மதிப்பெண்களைக் கடன் வாங்க வேண்டியிருந்தது. தரையில் அமர இயலாமையும், வழிபாட்டில் மண்டியிட்டு வணங்க இயலாமையும் எத்துணைத் துன்பம் என்பதை நாற்காலியிலேயே வாழ்வோர் எவ்வாறு மதிப்பிடுவர்?

ஆனால் நம்மைப் பெரிதும் தடுத்து நிறுத்தியது நாட்டு வேறுபாடு அன்று. நோயுற்றவருக்கும் நோயற்றவருக்கும் இடையிலுள்ள வேறுபாடே. சாக்கெட், டோரன்ஸ் ஆகிய இருவர் 1978இல் வெளியிட்ட ஆய்வில், டயாலிசிஸில் உள்ளோர் தம் நிலைக்கு அளித்த மதிப்பு, அதே நிலைக்குப் பொதுமக்கள் அளித்ததைவிட உயர்ந்திருந்தது. 2005இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு மேலும் கூர்மையானது. டயாலிசிஸ் நோயாளிகளிடமும், அவர்களை ஒத்த நலமுடையோரிடமும் ஒரு சிறு கைக்கருவியைக் கொடுத்து, ஒரு வாரம் முழுவதும் எதிர்பாராத நேரங்களில் இக்கணம் உம் மனநிலை எவ்வாறுள்ளது என்று பதியச் செய்தனர். இரு சாராருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் நலமுடையோரிடம் டயாலிசிஸ் வாழ்வை ஊகிக்கச் சொன்னபோது, அது மிகத் துன்பமானது என்றே ஊகித்தனர்.

இதைப் படித்த பிறகு ஒரு மாலையில் மண்டிக் கணக்கரைக் கண்டு பேசினோம். உங்கள் நாட்கள் எப்படி இருக்கின்றன என்று கேட்டோம். ஆஸ்பத்திரிக்குப் போகும் இரண்டு நாட்கள் ஆஸ்பத்திரியின் நாட்கள், மற்ற ஐந்தும் என்னுடையவை என்றார். மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதாகவும், தண்ணீர் அளந்து குடிக்க வேண்டியிருப்பதுதான் கோடையில் தாங்க முடியாதிருப்பதாகவும் சொன்னார். நாம் மனத்துக்குள் அவர் வாழ்வுக்கு எவ்வளவு மதிப்பெண் போட்டிருந்தோம் என்பதை இங்கே எழுத விரும்பவில்லை. அவர் சொல்லக் கேட்டபின் அது தவறு என்று தெரிந்தது. இனி இப்பின்னங்களைக் காணும்போதெல்லாம் இதைச் சொன்னவர் யார், நோயாளியா, நோயாளியைக் கண்டு அஞ்சியவரா என்று கேட்பது என முடிவு செய்துகொண்டோம். நோயாளி பழகிவிட்டார், அதனால் குறைவாக முறையிடுகிறார்; ஆகவே பொதுமக்கள் மதிப்பே சரி என்போரும் உளர். அவ்வாதத்திலும் ஒரு பகுதி உண்மை இருக்கலாம். ஆனால் ஒருவரது வாழ்வைப் பற்றி அவரைவிட நாம் நன்கு அறிவோம் என்னும் செருக்கு அதில் ஒளிந்திருக்கிறது.

இனி, ஒருவர் எதிர் பலர் என்னும் சிக்கலுக்கு வருவோம். இதற்கு அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் நடந்ததைவிடத் தெளிவான சான்று இல்லை. அம்மாநிலம் 1987இல், ஏழைகளுக்கான அரசு மருத்துவத் திட்டத்தில் உறுப்பு மாற்றுச் சிகிச்சைகளுக்குத் தந்த பணத்தை நிறுத்தி, அதை மேலும் பல ஏழைத் தாய்மார்களின் பேறுகால மருத்துவம் போன்றவற்றுக்குத் திருப்பியது. அவ்வாண்டு டிசம்பரில், எலும்பு மஜ்ஜை மாற்றுக்காகக் குடும்பத்தார் ஊராரிடம் பணம் திரட்டிக்கொண்டிருந்த நிலையில், இரத்தப் புற்றுநோயுற்ற ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். நாடே கொதித்தது. சிறுவனின் முகம் எல்லா வீடுகளிலும் தெரிந்தது. பேறுகால மருத்துவம் பெறவிருந்த தாய்மார்களின் முகம் எங்கும் தெரியவில்லை. கண்முன் நிற்கும் ஓருயிருக்கு மனம் உருகுவதும், எண்ணிக்கையாய் மட்டும் தெரியும் பல உயிர்களுக்கு அது உருகாததும் மனித இயல்பு என்பதைத் தாமஸ் ஷெல்லிங் என்னும் பொருளியலறிஞர் 1968இலேயே எடுத்துக்காட்டியிருந்தார்.

மாநிலச் செனட் தலைவராயிருந்த ஜான் கிட்சாபர், தாமே ஒரு மருத்துவர். யாருக்கு மறுப்பது என்பதை மறைவில் முடிவு செய்யாமல், எல்லோரும் காணும்படி ஒரு பட்டியலிட்டுச் செய்வோம் என்றார். 1989இல் சட்டம் இயற்றப்பட்டது. ஊர்தோறும் கூட்டங்கள் நடந்தன. தொலைபேசி வழியே மக்களிடம் மதிப்பெண்கள் கேட்கப்பட்டன. ஏறத்தாழ 1,600 நோய்-சிகிச்சை இணைகள் செலவுக்கேற்ற பயன் என்னும் அடிப்படையில் வரிசைப்படுத்தப்பட்டு 1990 மே மாதத்தில் முதற்பட்டியல் வெளியானது. பார்த்தவர்கள் திகைத்தனர். சொத்தைப் பல்லுக்கு மூடியிடுதல், கருப்பைக்கு வெளியே கரு தங்கியதற்கான அறுவைக்கு மேலே நின்றது! முன்னதற்குச் செலவு 38 டாலர். பின்னதற்கு 4,015 டாலர். ஒரு தாயின் உயிரைக் காக்கும் பணத்தில் 105 பேருக்குப் பல்மூடி இடலாம். 105 சிறு நன்மைகளைக் கூட்டினால் ஓருயிரைவிடக் கனக்கிறது என்றது கணக்கு. கூட்டலில் பிழை இல்லை. ஆயினும் அதை ஏற்க எவரும் முன்வரவில்லை.

பட்டியல் கைவிடப்பட்டது. உயிர்காக்கும் சிகிச்சைகளை முதலில் வைத்து, வகைவகையாகப் பிரித்து, மருத்துவர்கள் கையால் மேலும் கீழும் நகர்த்தி, 709 வரிகள் கொண்ட புதிய பட்டியல் 1991இல் வந்தது. அதையும் மத்திய அரசு 1992 ஆகஸ்டில் மறுத்தது. ஊனமுற்றோர் வாழ்வைப் பிறர் தாழ்த்தி மதிப்பிட்ட மதிப்பெண்கள் அதில் கலந்திருக்கின்றன என்பது காரணம். மறுபடியும் அதே கேள்வி: மதிப்பெண் போட்டவர் யார்? திருத்தங்களுக்குப் பின் 1993இல் இசைவு கிடைத்து, 1994 பிப்ரவரியில் திட்டம் நடைமுறைக்கு வந்தது.

ஆரிகனின் கதையைக் கணக்கின் தோல்வி என்று சிலர் கூறுவர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. பட்டியல் அச்சில் இருந்தமையால்தான் 371ஆம் வரியும் 372ஆம் வரியும் இடம் மாறியிருப்பதை ஒரு நாளிதழ் வாசகரும் கண்டு கேள்வி எழுப்ப முடிந்தது. சியாட்டிலின் எழுவர் மூடிய அறையில் எடுத்த முடிவுகளை அவ்வாறு எவரும் கேட்டிருக்க இயலாது. இங்கிலாந்தில் 1999இல் தொடங்கிய நைஸ் என்னும் நிறுவனம் நெடுங்காலம் ஒரு தரம் கணித்த வாழ்வாண்டுக்கு 20,000 முதல் 30,000 பவுண்டு என்னும் எல்லையை வைத்துப் புதிய மருந்துகளை மதிப்பிட்டது. ஆனால் 2022 முதல் மிகக் கடுமையான நோயுடையோர் பெறும் நலத்தை 1.2 அல்லது 1.7 மடங்காகக் கொண்டு கணக்கிடுகிறது. ஆரிகன் மக்கள் உள்ளுணர்வால் மறுத்ததையே பிற்காலத்தார் எண்ணாக எழுதியிருக்கின்றனர். 1.7 என்பது ஏன், 2 என்று ஏன் இல்லை என்று கேட்டால், வாதிட்டு அடைந்த முடிவு என்பதற்கு மேல் விடை இருப்பதாகத் தெரியவில்லை.

நம் நாட்டில் 2017இல் மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ் இத்தகைய மதிப்பீட்டுக்கென ஓர் அமைப்பு ஏற்பட்டது. இந்நேரத்தில் மதுரை நினைவுக்கு வருகிறது. 1976இல் 11 படுக்கைகளோடு டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, இறக்குமதிக் கண்வில்லையின் விலை ஏழைகளுக்கு எட்டாதிருந்த நிலையில், 1992இல் ஆரோலேப் வழியாக அதைத் தானே செய்யத் தொடங்கிப் பத்து டாலர் அளவுக்கு விலையைக் குறைத்தது. கணக்குப் பார்ப்போர் விலையைக் கொடுக்கப்பட்ட எண்ணாக ஏற்றுக்கொண்டு மனிதர்களை வரிசைப்படுத்துகின்றனர். விலையையே வரிசைக்குக் கொண்டுவந்தோரும் உளர். இதை எந்தப் பாடநூலிலும் முதல் அத்தியாயமாக வைக்க வேண்டும்.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. கண்ணாடியால் வருமானம் கூடும் என்பது பொருளாளரின் வலுவான வாதம். அது உண்மையே. அசாமில் 40 வயதைக் கடந்த தேயிலைத் தொழிலாளரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், கண்ணாடி பெற்றோரின் பறிப்பு, பெறாதோரைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருந்தது. நம் பகுதியின் பட்டு நெசவாளர்க்கும் தையற்காரிகளுக்கும் இது அப்படியே பொருந்தும். ஆனால் சம்பாதிக்கும் ஆற்றலை நலக்கணக்கில் ஏற்றினால், சம்பாதிக்க இயலாத நோயாளி இருமுறை தண்டிக்கப்படுகிறார். ஒருமுறை நோயால், மறுமுறை கணக்கால். விபத்து நட்டஈட்டு வழக்குகளில் சம்பளமில்லாத இல்லத்தரசியின் உழைப்பை எவ்வாறு மதிப்பது என்று நீதிமன்றங்கள் திணறியதை நாம் அறிவோம்; 2001இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் மாதம் 3,000 ரூபாய் என்று வைத்தது. உலக வங்கி 1993இல் வெளியிட்ட அறிக்கை வழியே பரவிய நோய்ச்சுமை அளவையும், இளைஞரின் ஓராண்டைக் குழந்தையின், முதியோரின் ஓராண்டைவிட உயர்வாக எண்ணியது. மேலும் வருங்கால ஆண்டுகளை ஆண்டுக்கு 3 விழுக்காடு கழித்து மதிப்பிட்டது. அக்கழிவின்படி இருபதாண்டுக்குப்பின் வாழும் ஓராண்டு இன்றைய 0.55 ஆண்டே. பின்னர் 2010ஆம் ஆண்டுக்கான உலக நோய்ச்சுமைக் கணக்கில் இவ்விரண்டையும் விட்டுவிட்டனர். பணத்துக்கு வட்டி உண்டு. கிழவிக்கு வட்டிக்கழிவு போடுவது எப்படி நியாயமாகும் என்று நம் தலைமையாசிரியர் கேட்டது சரிதான்.

ஒரு மாதம் முடிந்து குழு மீண்டும் கூடியது. படித்ததை வைத்து ஒரு தாளில் கணக்கிட்டுச் சென்றிருந்தோம். கண்ணாடியால் ஒருவர்க்கு ஆண்டுக்கு வெறும் 0.02 பங்கு நலம் கூடுவதாக ஒரு பேச்சுக்கு வைத்தாலும், 182 பேர்க்கு அது 3.64 ஆகிறது. மண்டிக் கணக்கர் பெறுவது, அவர் வாழ்வை முழுமையாகவே மதித்தாலும், ஓராண்டுக்கு 1. கணக்கு பொருளாளர் பக்கம். அதை மறைக்காமல் படித்துக் காட்டினோம். தலைமையாசிரியர் அமைதியாகக் கேட்டார்: அந்த 182 பேரில் எந்த ஒருவரையாவது தனியே நிறுத்தி, உன் கண்ணாடியை ஓராண்டு தள்ளிவைத்தால் இவர் பிழைப்பார் என்று சொன்னால், எனக்குக் கண்ணாடிதான் வேண்டும் என்பாரா? பொருளாளர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, சொல்லமாட்டார், ஆனால் நாம் அவர்களிடம் கேட்கவே இல்லையே என்றார்.

அந்த ஒரு சொல் கூட்டத்தின் போக்கை மாற்றியது. கண்ணாடி அடுத்த ஆண்டும் கிடைக்கும், போன உயிர் கிடைக்காது என்பதில் இறுதியில் எவர்க்கும் வேறுபாடு இல்லை. ஆனால் காத்திருக்கப்போகிறவர்கள் தாம் காத்திருப்பதையும், எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதையும் அறியாமலே காத்திருப்பது முறையன்று என்பதிலும் எவர்க்கும் வேறுபாடு இல்லை. 36,400 ரூபாய் பயணத்துக்கு ஒதுக்கப்பட்டது. எஞ்சிய 5,600 ரூபாயில் 28 கண்ணாடிகள். கண்ணை நம்பித் தொழில் செய்யும் நெசவாளர்க்கும் தையல் வேலை செய்வோர்க்கும் முதலில். இங்கே வருமானத்தைக் கணக்கில் சேர்த்துவிட்டோமே என்று ஒருவர் நகைத்தார். ஆம், சேர்த்துவிட்டோம். வேறு வழி நமக்குத் தோன்றவில்லை. மண்டிக் கணக்கரின் பெயரை எங்கும் வெளியிடுவதில்லை என்றும், சிறுநீரக நோயாளி ஒருவரின் பயணத்துக்காக என்று மட்டும் சொல்வதென்றும் முடிவாயிற்று. அவரிடம் முன்னரே இசைவு கேட்கப்பட்டது. பெயரைச் சொன்னாலும் தமக்கு வருத்தமில்லை என்றார். ஆனால் கடனாளியைப் போல அவரை ஊரில் நடக்க வைக்க நமக்கு மனம் வரவில்லை.

தீர்மான ஏட்டில் இரண்டு வரிகளைத் தலைமையாசிரியரே தம் கையால் எழுதினார். முதல் வரியில் கொடுக்கப்பட்டது. இரண்டாம் வரியில், இம்முறை கொடுக்கப்படாதவர் 182 பேர் என்று. அந்த ஏட்டில் இதுவரை இரண்டாம் வகை வரி எழுதப்பட்டதே இல்லை. முகாம் பட்டியலைப் பிரித்து, உறுப்பினர் ஒவ்வொருவரும் இத்தனை வீடு என்று பகிர்ந்துகொண்டோம். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, 26 பெயர்கள் எழுதிய தாளோடு நாம் நெசவாளர் தெருவை அடுத்த சிற்றூருக்குப் புறப்பட்டோம். முதல் வீட்டில் பாட்டி ஒருவர் முறத்தில் அரிசியைப் பரப்பி, கண்ணால் காண முடியாமையால் விரலால் தடவித் தடவிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். கண்ணாடி கொண்டுவந்தீர்களா ஐயா என்று கேட்டார்.